கறள் பிடித்த கொம்பி வேனும் கைக்காசும்

கடந்த சில வருடங்களாக நம்மவர்களுக்கிடையே பழைய வாகனங்களின் மீது ஒரு மோகம் ஏற்பட்டிருக்கிறது. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் வீட்டு முற்றத்தில் கோழி முட்டையிட்டுக் கொண்டிருந்த பழைய தகரங்களுக்கெல்லாம் விலை வந்துவிட்டது. அவற்றுள் வொக்ஸ்வேகன் கொம்பி வேனுக்கு வந்த மவுசு தனி. அதை வாங்கி, நாமே திருத்தி, உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்து, வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டால் என்ன என்று கேட்டு வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் இளம் வியாபாரிகள் பலர் என்னிடம் வந்து போகிறார்கள். நான் இரும்புச் சாமான் வியாபாரி. தகரம், வெல்டிங் கம்பி, பெயின்ட் என்று எனது காலம் போனது. கொட்டாஞ்சேனையில் ஒரு கொட்டிலில் வைத்து ஒரு கொம்பியை எனது கையாலேயே திருத்தியும் இருக்கிறேன். எனவே ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதை விட இப்பத்தியில் எழுதிவிடுவது நல்லது எனத் தோன்றியது.

முதலில் சரக்கை அறிய வேண்டும். 1947 இல் பென் பொன் என்ற ஒல்லாந்து நாட்டு வாகன வியாபாரி ஒருவர், வொக்ஸ்வேகன் தொழிற்சாலைக்குள் பலகை ஏற்றித் திரிந்த ஒரு தட்டு வண்டியைக் கண்டு, தனது குறிப்புப் புத்தகத்தில் கிறுக்கிய படம்தான் இந்த வேனின் தொடக்கம். வியாபாரியின் கண் எங்கே போகிறது பாருங்கள்! 1950 இல் உற்பத்தி ஆரம்பமானது. அடுத்த வருடமே வெஸ்ட்பாலியா என்ற ஜேர்மன் கம்பனி இதற்குள் படுக்கையும் அலுமாரியும் பொருத்தித் தரத் தொடங்கியது. 1967 வரை வந்தவற்றில் முன்கண்ணாடி இரண்டு துண்டாக இருக்கும். பக்கக் கதவு அலுமாரிக் கதவு போல இரண்டாகத் திறக்கும். மின்சாரமும் பெரும்பாலானவற்றில் 6 வோல்ட்தான். 1967 இன் பின்னர் வந்தவற்றில் வளைந்த ஒரே முன்கண்ணாடியும் இழுக்கும் கதவும் உண்டு. ஜேர்மனியில் இந்த இரண்டாவது மாதிரி 1979 உடன் நின்றது. பிரேசிலில் மட்டும் 2013 டிசம்பர் வரை செய்து கொண்டிருந்தார்கள்.

இந்தச் சரித்திரம் எதற்கு என்று கேட்கலாம். விலை இதில்தான் இருக்கிறது. இரண்டு துண்டுக் கண்ணாடி வேனுக்கு உலகச் சந்தையில் உள்ள மதிப்பு வேறு, மற்றதற்கு உள்ள மதிப்பு வேறு. 2017 இல் அமெரிக்காவில் 1965 ஆம் ஆண்டு 21 ஜன்னல் வேன் ஒன்று ஏலத்தில் மூன்று இலட்சம் டொலரைத் தாண்டி விலை போனது. அந்தச் செய்தியைக் கேட்ட நாளிலிருந்து நம் நாட்டில் கொம்பி வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் தனது பலா மரத்தடியில் மூன்று இலட்சம் டொலர் நிற்பதாக நினைத்துக் கொண்டு விலை சொல்கிறார். அது முற்றாகத் திருத்தப்பட்ட, மேல் தர மாதிரியான ஒரு வண்டியின் விலை. நம் கையில் அகப்படுவது பெரும்பாலும் வளைந்த கண்ணாடிக்காரன், அதுவும் கறள் தின்றது.

இன்னொரு விடயம், நமது வேன்கள் வலப்பக்க ஸ்டியரிங் கொண்டவை. இவற்றில் இழுக்கும் கதவு இடப்பக்கம், அதாவது நடைபாதைப் பக்கம் இருக்கும். ஜேர்மனியில் ஓடியவற்றுக்கு அது வலப்பக்கம். வெளிநாட்டிலிருந்து பக்கத் தகரமோ கதவுத் தண்டவாளமோ தருவிக்கும்போது இதைக் கவனியாமல் மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்தால், கண்ணாடியில் பார்த்தது போல எதிர்ப்பக்கத் தகரம் வந்து சேரும். கப்பல் கூலி கொடுத்தது கொடுத்ததுதான். வலப்பக்க ஸ்டியரிங் உள்ள இங்கிலாந்து, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் தேடுவதே புத்தி.

தகரத்தைப் பார்ப்பதற்கு முன்னர் கடதாசியைப் பார்க்க வேண்டும். பதிவுப் புத்தகம் யாருடைய பெயரில் இருக்கிறது, அவர் உயிருடன் இருக்கிறாரா, மௌத்தாகியிருந்தால் வாரிசுகள் எத்தனை பேர், அவர்களில் ஒருவர் கனடாவிலோ சவூதியிலோ இருக்கிறாரா என்றெல்லாம் விசாரிக்க வேண்டும். நாற்பது வருடமாக ஓடாமல் நின்ற வேன் என்றால் இந்தக் கேள்விகள் கட்டாயம் எழும். கையெழுத்து வைத்த வெற்றுப் படிவத்துடன் கை மாறி மாறி வந்த வண்டியை, எவ்வளவு மலிவானாலும், நான் தொடமாட்டேன். செசி இலக்கம் எஞ்சின் அறைத் தகரத்தில் அடிக்கப்பட்டிருக்கும். பற்றரியும் அதே அறையில்தான் இருக்கிறது. பற்றரி அமிலம் சிந்திச் சிந்தி அங்குள்ள தகரம் உக்கிப் போவது வழக்கம். அதை வெட்டிப் புதுத் தகரம் வைக்கும் அவசரத்தில் இலக்கத்தையும் சேர்த்து வெட்டி எறிந்துவிட்டால் அந்த வேன் சட்டத்தின் முன் அடையாளம் இல்லாத பொருளாகிவிடும். எஞ்சினை மாற்றினாலும் நிறத்தை மாற்றினாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்ய வேண்டும். கூரையை வெட்டி உயர்த்தும் எண்ணம் இருந்தால் வெட்டிய பின் அல்ல, வெட்டுவதற்கு முன்னர் நாரஹேன்பிட்டிக்குப் போய்க் கேளுங்கள்.

இனிக் கறளுக்கு வருவோம். இரும்பும் தண்ணீரும் காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்தால் கறள். அதில் உப்பும் சேர்ந்தால் அந்தத் தண்ணீரில் மின்னோட்டம் இலகுவாகி, வேலை பல மடங்கு வேகமாக நடக்கும். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஜன்னல் கம்பி, குளிர்சாதனப் பெட்டியின் வெளிப்பகுதி, சைக்கிள் எல்லாவற்றையும் உப்புக் காற்று என்ன செய்கிறது என்று தினமும் பார்க்கிறோம். ஆகவே கண்டி, குருநாகல் பக்கம் நின்ற வண்டியையும் கடலோரம் நின்ற வண்டியையும் ஒரே விலைக்குக் கேட்டால் முன்னதை எடுங்கள். மலைநாட்டு வண்டி என்றால் மழை ஈரம் இருக்கும். ஆனால் உப்பு இருக்காது.

வெளியே பளபளப்பது எதையும் நம்பக் கூடாது. கொம்பியில் தனியான சட்டம் கழற்றி எடுக்கும்படி இல்லை. அடிச்சட்டமும் உடம்பும் ஒன்றாக ஒட்டப்பட்ட ஒரே பெட்டி. கதவுகளுக்குக் கீழே முன் சில்லிலிருந்து பின் சில்லு வரை நீளமாக ஓடும் பெட்டித் தகரம்தான் அதன் முதுகெலும்பு. அது உள்தகரம், வெளித்தகரம் என்று அடுக்கடுக்காக இருப்பதால் ஈரம் உள்ளே தங்கி, உள்ளிருந்து வெளியே தின்று கொண்டு வரும். வெளியே ஒரு சிறு கொப்புளம் தெரிந்தால் உள்ளே ஒரு சாண் போயிருக்கும். பெரிய ஸ்க்ரூ டிரைவர் ஒன்றும், மெல்லிய துணியில் சுற்றிய ஒரு காந்தமும் எடுத்துக் கொண்டு போங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, புட்டிதான் இருக்கிறது. கீழே படுத்து, ஜெக் வைக்கும் இடங்கள், குறுக்குச் சட்டங்களின் நுனிகள், சாரதியின் காலடித் தகரம், முன்கண்ணாடி ரப்பரின் அடி, கூரையைச் சுற்றி ஓடும் தண்ணீர்ப் பீலி, சில்லுக்கு மேலுள்ள வளைவு, பற்றரித் தட்டு ஆகியவற்றை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். விற்பவர் முகத்தைச் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

கதவு, முன்முகம் போன்றவற்றின் கறளைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. அவை ஒட்டும் வேலை, கண்ணுக்குத் தெரியும் வேலை. அடிப்பெட்டித் தகரமும் கூரைப் பீலியும் இரண்டுமே போயிருந்தால் புதிதாகத் தொழிலைத் தொடங்குபவர் அந்த வண்டியை விட்டுவிட வேண்டும். அடியில் போனது கட்டிடத்தின் அத்திவாரம் போனது மாதிரி. பீலியில் போனதைத் திருத்துவது மிக நுட்பமான வேலை.

வண்டியைக் கொண்டு வந்ததும் எல்லோரும் செய்வது, முதல் வெள்ளிக்கிழமையே நட்டு போல்ட் எல்லாம் கழற்றி நாலு பெட்டியில் போடுவது. மூன்று மாதம் கழித்து எந்த ஆணி எங்கே என்று யாருக்கும் தெரியாது. கழற்றும் ஒவ்வொன்றையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, சிறு பைகளில் போட்டு, பெயர் எழுதி வையுங்கள். சில்லும் பிரேக்கும் உருளும் நிலையில் இருக்கட்டும். கொட்டில் சொந்தக்காரர் நாளை எடு என்றால் தள்ளிக் கொண்டாவது போக வேண்டும்.

பெட்டித் தகரத்தை வெட்டுவதற்கு முன்னர் கதவு இடைவெளிகளுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து ஒட்டித் தாங்கு கொடுக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டக் கூடாது. ஒரு பக்கம் முடித்து, கதவைப் பூட்டித் திறந்து பார்த்து, இடைவெளி சரியென்று கண்ட பின்னரே மறு பக்கம். இதைச் செய்யாமல் வெட்டினால் வண்டி நடுவில் இலேசாகத் தொய்ந்துவிடும். அதன் பிறகு எந்தக் கதவும் பூட்டாது.

அடிப் பகுதிக்கு 18 கேஜ், வெளித் தகரத்துக்கு 20 கேஜ் போதும். கல்வனைஸ் தகரம் கறள் பிடிக்காது என்று சிலர் அதைக் கேட்டு வருவார்கள். அதை ஒட்டும்போது நாகம் எரிந்து வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் இரவில் காய்ச்சலும் நடுக்கமும் வரும். எனது கடையில் அது இருந்தாலும் இந்த வேலைக்கு நான் விற்பதில்லை. மெல்லிய தகரத்துக்கு மிக் வெல்டிங் இயந்திரம்தான் பொருத்தம். நீளமாகக் கோடு இழுக்காமல், ஒரு புள்ளி இங்கே, ஒரு புள்ளி ஒரு சாண் தள்ளி, சூடு ஆறியதும் இடையில் ஒன்று என்று போட வேண்டும். தொடர்ந்து இழுத்தால் தகரம் அப்பளம் போல நெளியும். கழிவுத் தகரத்தில் இரண்டு வாரம் பழகிவிட்டு வண்டியில் கை வையுங்கள்.

எதை நாமே செய்வது, எதைப் பாஸிடம் கொடுப்பது? எனது அபிப்பிராயம் இதுதான். கழற்றுவது, வயர் பிரஷ் அடிப்பது, சுத்தம் செய்வது, பிரைமர் பூசுவது, உள்ளே பலகை வேலை, கண்ணாடி ரப்பர் ஆகியவை எல்லாம் நமது கைக்குரியவை. கூலியில் பெரும் பகுதி இந்த அழுக்கு வேலைகளுக்குத்தான் போகிறது. அதை நாம் செய்தால் அந்தக் காசு மிஞ்சும். அடிப்பெட்டித் தகரத்தை நிறுத்தி ஒட்டுவது, பிரேக் குழாய், கடைசி நிறம் ஆகிய மூன்றையும் தொழில் தெரிந்த பாஸிடம் விடுங்கள். வெளிநாட்டில் கராஜ் கூலி அதிகம் என்பதால் அங்குள்ளவர்கள் எல்லாவற்றையும் தாமே செய்கிறார்கள். நம் நாட்டில் நல்ல டிங்கர் பாஸ் ஒருவரை நாட்கூலிக்குப் பிடிக்கலாம். அவர் பக்கத்தில் நின்று கற்றுக் கொள்வது எந்தப் புத்தகத்தையும் விட மேல்.

மேலோட்டமான கறளுக்கு பொஸ்போரிக் அமிலம் கலந்த திரவங்கள் உதவும். தகரம் உக்கி உதிரும் இடத்தில் அதைப் பூசுவது புற்றுநோய்க்குக் களிம்பு பூசுவது போன்றது. கொழும்புக் காற்றில் தேய்த்த வெறும் தகரம் ஒரே இரவில் மஞ்சளாகும். வியர்வைக் கை பட்ட இடத்தில் விரல் அடையாளமே கறளாக எழும். எனவே அன்று தேய்த்ததை அன்றே பிரைமர் பூசி மூட வேண்டும். சாதாரணச் சாம்பல் பிரைமர் ஈரத்தை உறிஞ்சும். அதைப் பூசிவிட்டுப் பல மாதம் விட்டு வைத்தால் அடியில் கறள் ஊர்ந்து கொண்டிருக்கும். இரு கலவை எபொக்சி பிரைமர் விலை கூடினாலும் தண்ணீரைத் தடுக்கும். கதவின் அடியிலுள்ள சிறு துளைகள் தண்ணீர் வடிவதற்கானவை. அவற்றைப் புட்டி வைத்து அடைத்துவிட்டு அழகாக இருக்கிறது என்று சொல்லும் பாஸ்மாரும் இருக்கிறார்கள்.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது பின்னால் இருக்கும், காற்றால் குளிரும், தண்ணீர் இல்லை. 1600 எஞ்சின் ஏறத்தாழ ஐம்பது குதிரைவலு. நுவரெலியா ஏற்றத்தில் லொறிகள் உங்களை முந்தும் என்பதை வாடகைக்காரரிடம் முன்னரே சொல்லிவிடுங்கள். இரண்டரை லீற்றர் ஒயில்தான் அதன் உயிர். எஞ்சினைச் சுற்றியுள்ள தகர மூடிகளும் ரப்பர் ஓரமும் வேண்டாத பொருட்கள் என்று நினைத்து எறிந்துவிடுகிறார்கள். அவை இல்லாவிட்டால் கீழிருந்து வரும் சூடான காற்றையே விசிறி மீண்டும் இழுத்து எஞ்சினைச் சுடும். இவற்றை விட முக்கியம் பெற்றோல் குழாய். பழைய ரப்பர் குழாய் வெடித்து, சூடான எஞ்சின் மீது பெற்றோல் சொட்டி இந்த வேன்கள் எரிந்த சம்பவங்கள் உலகம் முழுக்க உண்டு. எஞ்சின் உடல் மக்னீசியம் கலந்த உலோகம், பிடித்தால் அணைப்பது கஷ்டம். குழாய்களை முதலில் மாற்றுங்கள். தாங்கியைக் கழற்றி வெளியே வைக்காமல் அதன் பக்கத்தில் வெல்டிங் பற்ற வைக்கக் கூடாது. தீயணைக்கும் சிலிண்டர் ஒன்றைக் கொட்டிலிலும், பின்னர் வேனிலும் வையுங்கள்.

இனிக் கணக்கு. ஒரு பேச்சுக்கு, வேன் பத்து இலட்சம், வேலைக்குப் பத்து இலட்சம் என்று மதிப்பிட்டு இறங்குகிறீர்கள் என வைத்துக் கொள்வோம். கறள் வேலையில் மதிப்பீடு என்பது வெளித் தகரத்தைக் கழற்றும் வரைதான். ஆகவே வேலைக் கணக்கை இரட்டிப்பாக்குங்கள். மொத்தம் முப்பது. ஒரு வருடம் என்று நினைத்தது, வெள்ளி, ஞாயிறு மட்டும் வேலை செய்தால் மூன்று வருடம். கொட்டில் வாடகை மாதம் பதினையாயிரம் என்றால் மூன்று வருடத்தில் ஐந்து இலட்சத்து நாற்பதாயிரம். இதை யாரும் எழுதுவதில்லை. முப்பத்தைந்தரை இலட்சம் போட்டு நாற்பதுக்கு விற்றால் கையில் நாலரை இலட்சம். அதே பணம் மூன்று வருடத்தில் உங்கள் கடையில் எத்தனை தரம் சுழன்றிருக்கும்? புடவைக் கடைக்காரருக்கும் மளிகைக் கடைக்காரருக்கும் விடை தெரியும். உங்கள் சொந்த உழைப்புக்கு ஒரு கூலி போட்டுப் பார்த்தால் மிச்சம் ஒன்றும் இராது.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, கொட்டாஞ்சேனையில் சிறு கடை வைத்திருந்தவர், கடைக்குச் சரக்கு எடுக்க வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொம்பியில் போட்டார். 2021 கடைசியில் வாங்கினார். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் இரண்டு மாதத்தில் 360 அளவுக்குப் போனது. தருவிக்க நினைத்திருந்த தகரத் துண்டுகளும் ரப்பரும் எட்டாத விலைக்குப் போயின. நோன்புப் பெருநாள் வியாபாரத்துக்குக் கடையில் சரக்கு இல்லை. மனைவியின் நகை அடகுக்குப் போனது. வெட்டிய வேனைப் பாதி வேலையில் யாரும் வாங்குவதில்லை. கடைசியில் கதவு ஒருவருக்கு, எஞ்சின் ஒருவருக்கு, மீதி பழைய இரும்புக்கு என்று போட்ட காசில் கால்வாசியும் வரவில்லை. அந்தத் தம்பி கெட்டிக்காரர். ஒட்டு வேலையும் சுத்தமாகச் செய்தார். எடுத்த பணம்தான் தவறான பெட்டியிலிருந்து எடுத்த பணம். ஆகவே என்னிடம் கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, இந்தக் காசு மூன்று வருடம் திரும்பி வராவிட்டால் கடை நடக்குமா என்பதைத்தான். நடக்காது என்றால் வேனைப் பற்றிப் பேசுவதில்லை, தேநீர் குடித்து அனுப்பிவிடுவேன்.

வாடகைக்கு விடும் எண்ணம் இருப்பவர்களுக்குக் கணக்கு சற்று வேறு. இறக்குமதி திறந்ததால் சாதாரண பழைய வேன்களுக்கு இருந்த செயற்கை விலை நிலைக்கும் என்று நம்ப முடியாது. கொம்பியைத் தேடி வருபவர் அதன் முகத்துக்காக வருகிறார், புது ஜப்பான் வேன் அவருக்கு மாற்றீடு அல்ல. ஆயினும் வாடகைக்கு ஓட்டும் வண்டிக்குத் தனியார் பாவனைக் காப்புறுதி செல்லாது. முழுக் காப்புறுதி கேட்டால், பழைய வாகனம் என்று கம்பனி தயங்கும். பெறுமதியை எழுத்தில் ஒப்புக் கொள்ளும் கம்பனியைத் தேடிப் பிடித்த பின்னரே உள்ளே அடுப்பு வைப்பதைப் பற்றி யோசியுங்கள். மச்சான், மைத்துனர் என்று மூன்று பேர் சேர்ந்து செய்வதானால் யார் பணம், யார் உழைப்பு, இடையில் ஒருவர் விலகினால் என்ன என்பதை முதல் நாளே எழுதிக் கையெழுத்திட வேண்டும். விற்பதற்கென்றே வாங்கிய வேன் வியாபாரச் சரக்கு என்பதால் வருடா வருடம் ஸகாத் கணக்கில் அன்றைய சந்தைப் பெறுமதிக்குச் சேர வேண்டும் என்பதையும், சொந்தப் பாவனைக்கு என்றால் அப்படியல்ல என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுக.

விற்கும்போது, நீங்கள் பிடித்து வைத்த படங்களை ஒரு அல்பமாகச் செய்து வாங்குபவரிடம் கொடுங்கள். வெட்டிய தகரம், வைத்த தகரம், இன்னும் திருத்தாத இடம் எல்லாம் அதில் இருக்கட்டும். ஈரமான தானியத்தை அடியில் மறைத்து வைத்தவரின் செய்தி நமக்கெல்லாம் தெரிந்ததே. புட்டியின் அடியில் கறளை மறைப்பதும் அதே இனம்தான். எனது அனுபவத்தில் அந்த அல்பம் விலையைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

உதிரிப்பாகங்களுக்குப் பஞ்சிகாவத்தையில் தேடுங்கள். வொக்ஸ்வேகன் கார் வைத்திருப்பவர்களிடமும் கேளுங்கள், ஏனெனில் காரின் எஞ்சின் பாகங்கள் பல கொம்பிக்கும் பொருந்தும். பழைய சாமானைக் கையில் கொண்டு போய் ஒப்பிட்டு வாங்குவதே பாதுகாப்பு. பற்றுச்சீட்டு இல்லாமல் எதையும் வாங்க வேண்டாம். வேலையைத் தொடங்க ஜனவரி நல்ல மாதம். மே மாதம் தென்மேல் பருவ மழை கொழும்பில் இறங்குவதற்குள் அடிப்பகுதியை ஒட்டி, எபொக்சி பூசி மூடிவிடலாம். உள்வேலைகளைக் கூரையின் கீழ் மழைக்காலத்தில் செய்து கொள்ளலாம்.